சாதனத்தில் இடம் மீதமில்லை

ராத்திரி இரண்டு ஐம்பது.
ஜாலான் ராஜா சூலான், பதினான்காம் மாடி.
டேட்டாபேஸ் எழுந்திருக்க மறுத்து
ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கக்குகிறது:
சாதனத்தில் இடம் மீதமில்லை.

டிஸ்க்கைப் பார்த்தேன். முக்கால்வாசி காலி.
மெமரியைப் பார்த்தேன். அறுபத்து நாலில்
ஒன்பதுதான் செலவு.
பழைய லாக் கோப்புகளை அழித்தேன்,
பயத்தில்தான், தேவை எதுவுமில்லை.
மறுபடி அதே வரி.

"புது டிஸ்க் வாங்கணுமா?" போனில் என்சிக் ருசைனி.
வேண்டாம் என்சிக், இடம் இருக்கிறது.
"இருந்தால் ஏன் இல்லை என்கிறது?"

இந்த வாரம் நான்கு முறை கேட்ட பதில் இது.
செந்தூல், கெப்போங், செத்தாபாக், மறுபடி கெப்போங்.
படத்தில் கட்டில் இருந்தது,
மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஒரு மாமரக் கிளை.
இன்னும் காலியா என்றேன். காலி, காலி, என்றார் ஏஜெண்ட்.
பெயர் கேட்டார்.
லோகவர்ஷினி முனியாண்டி.
இரண்டு நீல டிக்.
ஒரு நிமிடம்.
"சாரி, ரூம் ஃபுல்."

கெர்னலின் அடிவயிற்றில்
செமஃபோருக்கென்று நான்கு எண்கள் உண்டு:
இருநூற்றைம்பது, முப்பத்திரண்டாயிரம்,
முப்பத்திரண்டு, நூற்றிருபத்தெட்டு.
கடைசி எண்தான் வாசல்.
அதற்கு மேல் யார் வந்து தட்டினாலும்
வீடு எவ்வளவு பெரிது என்று திரும்பிப் பார்க்காது.
இடமில்லை என்று சொல்லிவிடும்.
அதற்கு வேறு சொல் கற்றுத் தரப்படவில்லை.

பட்டியல் கேட்டேன்.
நூற்றிருபத்தெட்டும் நிரம்பியிருந்தன,
பாதிக்கு மேல் எப்போதோ செத்துப்போன புரோகிராம்களின் பேரில்.
சாவியைத் திருப்பித் தராமல் போனவை.
ஒவ்வொன்றாக நீக்கினேன்.
கடைசி எண்ணை நாலாயிரம் ஆக்கினேன்.
டேட்டாபேஸ் எழுந்து உட்கார்ந்தது,
ஒன்றுமே நடக்காதது மாதிரி.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.
எதற்கும் இருக்கட்டும் என்று ரீபூட் செய்தேன்.
நூற்றிருபத்தெட்டு.

மறுபடி எழுதினேன், மறுபடி ரீபூட்.
நூற்றிருபத்தெட்டு.

அப்படியென்றால் எனக்குப் பிறகு
யாரோ பேசுகிறார்கள்.
கோப்புகளைப் பெயர் வரிசையில்தான் படிக்கும் இந்த மெஷின்,
ஒரே எண்ணுக்குப் பத்துப் பேர் பத்துக் கட்டளை போட்டாலும்
கடைசியாகப் பேசினவன் பேச்சே நிற்கும்.
வரிசையின் அடியில் கிடந்தது:
தொண்ணூற்றொன்பது, பிறகு இரண்டு இசட்.
தனக்குப் பின்னால் எவரும் வந்துவிடக் கூடாதென்று வைத்த பெயர்.
உள்ளே அந்த நான்கு எண்கள், மேலே மலாயில் ஒரு குறிப்பு:
செமெந்தாரா. தற்காலிகம்தான்.
திங்கட்கிழமை எடுத்துவிடவும்.

தேதி ஆறு வருடம் பழையது.
எழுதியவர் பெயர் இல்லை.
கெட்ட ஆளாக இருந்திருக்க மாட்டார்.
கடைசி ரயிலைப் பிடிக்கும் அவசரம் இருந்திருக்கும்.
எத்தனை திங்கட்கிழமைகள்!

கோப்பை நீக்கிவிட்டுக் காத்திருந்தேன்.
கறுப்புத் திரை. விசிறிகளின் இரைச்சல்.
பிறகு, நாலாயிரம்.

கெப்போங் வீட்டுக்குள்ளும் இப்படி ஒரு கோப்பு இருக்கும்.
எந்த ஃபோல்டரில், யார் எழுதியது,
எந்தத் திங்கட்கிழமை எடுப்பதாக இருந்தது?
அங்கே எனக்கு ரூட் அனுமதி இல்லை.

ஐந்தரைக்கு என்சிக் ருசைனி கேட்டார்:
"கடைசியில் என்னதான் பிரச்சினை?"
இடம் இருந்தது என்சிக்.
இல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள்.

கீழே முதல் மோனோரயில் வளைவில் முனகுகிறது.
ஐந்தாவது அறை, ஜிஞ்சாங்கில்.
இந்தத் தடவை பெயரை
முதல் வரியிலேயே அடித்துவிட்டேன், முழுப் பெயரை.
ஆறு மணிக்கு முன்னால் அனுப்பினால் நாகரிகமில்லை.

ஐந்து ஐம்பத்தெட்டு.